பாறசாலைச் சந்தையும் ஆசியாவில்தான்

வேலப்பன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் பாறசாலையில் ஒரு வீட்டுச் சுவரில் சாய்த்த ஏணியின் உச்சியில் நின்றேன். என் மச்சினன் கீழே வந்து அண்ணாந்து பார்த்தான். "அத்தான், நம்ம படக்கார வேலப்பண்ணன் காலையில போயிட்டாரு." இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. சுண்ணாம்பு வாளி மட்டும் எனக்கு முந்தி, என் தலைவழியே இறங்கியது. துடைத்தது பாதி, துடைக்காதது பாதியாக அவன் ஊரான திருப்புறத்துக்குச் சைக்கிளை மிதித்தேன்.

துட்டி வீட்டு முற்றத்தில் ஒரு பெரியம்மை என்னைப் பார்த்ததும் ஒப்பாரியை உயர்த்தினாள். "கூட்டாளி போன துக்கத்துல திருநீற்றை அள்ளிப் பூசிட்டு வந்திருக்காரே!" மறுத்துச் சொல்ல எனக்கு வெட்கம். எனக்காக வேறொருவர் மறுத்தார். "திருநீறு ஒண்ணும் இல்ல, சுண்ணாம்பாக்கும். அவன் படத்தை மூடின அதே சுண்ணாம்பு."

என் மகள் ராஜம் அங்கேதான் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் என்னோடு பேசிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஊர்க்காரர்களே, அவனை அறிந்த நீங்கள் அந்தப் படத்தையும் அறிவீர்கள். என் பங்குக் கதையைத்தான் அறிய மாட்டீர்கள்.

நானும் அவனும் ஒரே நாளில் வெள்ளையடிக்கப் போனவர்கள். தாழம்விழுதைத் தட்டி ஒரே மாதிரி பிரஷ் செய்தோம். ஆனால் அவன் எந்தச் சுவரிலும் முதலில் கரித்துண்டால் ஒரு படம் வரைவான், பிறகு அதன்மேல் அவனே வெள்ளையடிப்பான். "எதுக்குலே இந்த வேண்டாத வேலை?" என்று கேட்பேன். "சுவருக்கு உள்ளயும் ஒண்ணு இருக்கட்டும் மக்கா" என்பான். ஒருநாள் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்துவிட்டு, "மற்ற ஊருச் சுவரெல்லாம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாறேன்" என்று தூத்துக்குடியில் கப்பலேறினான். ஒரு மாதத்தில் வருவான் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் ஆயிற்று.

எழுத்து அவனுக்கு வராது. கடிதத்துக்குப் பதில் படம் வரும். இலங்கைக் குகையில் பூவேந்திய பெண்கள். பர்மாவில், மழைக்காலம் முடிந்ததும் ஊரே கூடி வெள்ளையடிக்கும் கோபுரம்; அதன் உச்சியில் எறும்புபோல் ஒருவன், அது அவன்தான். பினாங்கில் பெயர்ப்பலகை எழுதும் சீனக் கிழவர், பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்தபடி. சயாமில் கோயிலைச் சுற்றிச் சுவர்முழுக்க ஓடும் ஒரே கதை. பள்ளியில் நான்காம் பாரத்தில் என்னைக் கவிழ்த்ததே பூகோளம்தான். ராஜம் இந்தப் படங்களைப் பெட்டிமூடியின் உள்ளே ஒட்டிவைத்து, "அப்பா, இது ஜாவாவாக்கும். நீங்க காட்டுதது கடல்" என்று எனக்குப் பாடம் நடத்துவாள்.

கையில் காசு இல்லாமல் எப்படி இத்தனை நாடு சுற்றினான் என்று திரும்பி வந்தபின் கேட்டேன். "எல்லா ஊர்லயும் சுவர் உண்டு. எல்லாச் சுவரும் அழுக்காகும்" என்றான். படித்துச் சீமைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். தாழம்விழுதோடு போய் ஆசியாவைப் பார்த்து வந்தவன் என் கூட்டாளி ஒருவன்தான்.

அவன் வந்திறங்கியபோது இங்கே எல்லைக் கலகம். எங்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று சுவரெல்லாம் எழுத்து. எழுதுகிறவர்களுக்குக் காவி கலக்கிக் கொடுத்தவனும் நான், அதை அழிக்கப் போலீசு கூப்பிட்டபோது வாளியோடு போனவனும் நான். குளத்தூர் வாசகசாலைக்காரர்கள் வேலப்பனிடம் பாறசாலைச் சந்தைப் பக்கத்து நீளச் சுவரைக் கொடுத்தார்கள். சயாம்காரர்களைப்போல ஒரே கதையாக அவன் தன் பயணத்தை வரைந்தான். குகை, கோபுரம், கப்பல், ஜாவாக்காரிகள், கடைசியில் நம்முடைய சந்தை. மீன்கூடைக்காரிகள் நடுவே, தமிழ்நாட்டோடு சேர் என்று எழுதிய தட்டி பிடித்து நிற்கும் ஒரு பெண். அவள் முகம் என் ராஜத்தின் முகம்.

"அவ்வளவு பெரிய ஊருகளுக்கு நடுவுல நம்ம மீன்கூடை எதுக்கு?" என்றேன்.

"பாறசாலைச் சந்தையும் ஆசியாவிலதான் மக்கா. போயிட்டு வந்த பின்னயாக்கும் எனக்கே தெரிஞ்சுது."

படம் முடிந்த நான்காம் நாள் போலீசு ஏட்டு வந்தார். தட்டியை வாசித்தார். பிறகு என் மகளின் முகத்தில் பிரம்பை வைத்து, "ஈ பெண்குட்டி ஏதா?" என்றார். நாளைக் காலையில் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணைத் தேட வேண்டிவரும் என்று சொல்லிப் போனார்.

வேலப்பனிடம் ஓடினேன். அவன் அப்போதே இருமிக்கொண்டு படுத்திருந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அடிச்சிரு. ஆனா முதல்ல மெழுகு." ஜாவாவில் துணிக்குச் சாயம் போடும் பெண்கள், எந்த இடத்தில் சாயம் பிடிக்கக் கூடாதோ அங்கே மெழுகு ஊற்றிவிடுவார்களாம். மெழுகின்மேல் எதுவும் ஒட்டாது. அந்தப் பிற்பகலில், தேன்மெழுகை எண்ணெயோடு உருக்கி, ஆளில்லாச் சுவரில் இருவரும் துணியால் தேய்த்தோம். ராஜத்தின் முகத்தை அவன் தேய்த்தான். எனக்குக் கை வரவில்லை. அதன்மேல் பசை சேர்க்காத சுண்ணாம்பைக் கூழாகக் குழைத்து அப்பினேன். மறுநாள் ஏட்டு, "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

ஊர் காறித் துப்பியது. ராஜம் கஞ்சிச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போவாள், அவ்வளவுதான். அவளிடம் சொல்லலாம். அவளுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். ஏட்டின் பிள்ளையும் அதே பள்ளிக்கூடம். என் பிள்ளை என்னை வெறுத்துக்கொண்டாவது வீட்டில் இருக்கட்டும் என்று இருந்தேன்.

இடவப்பாதிப் பருவமழை தொடங்கிய மூன்றாம் நாள் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். வெள்ளை பாளம்பாளமாக உரிந்து சாக்கடையில் ஓடியது. அதற்குள் எல்லையை மேலே முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் தமிழ்நாட்டில் சேராமல் இந்தப் பக்கமே நின்றுபோனோம். ஏட்டும் மாற்றலாகிப் போயிருந்தார். சுவரைப் பார்த்துக் கோபப்பட ஆளில்லை. சந்தைக்கு வந்தவர்கள் கூடையை இறக்கிவைத்து, பர்மாவையும் ஜாவாவையும் தங்களையும் பார்த்தார்கள்.

ராஜம் நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள். "என்ன வெள்ளையடிச்சீங்க அப்பா? ஒரு மழைக்குத் தாங்கல்ல."

"சுண்ணாம்பு பழசாக்கும்" என்றேன்.

அவள் தன் நகத்தைப் பார்த்தாள், நகத்தில் மெழுகு. அன்றைக்கு என் கஞ்சிக்கு இரண்டு மத்தி கூடுதலாக வந்தது. தங்கப்பன் வெள்ளையடித்தால் ஒரு மழைகூட நிற்காது என்று என்னைப் பற்றி இப்போது ஊரில் பேச்சு. தொழிலில் இத்தனை கெட்ட பெயரோடு இவ்வளவு நிமிர்ந்து நடக்கிறவன் நெய்யாற்றின்கரை தாலுக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மெழுகு ஊற்ற ஜாவாவிலிருந்து அவன் கொண்டுவந்த, மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

துட்டி வீட்டில் அன்றைக்கு வாய்க்கரிசி போட என் முறை வந்தது. சுண்ணாம்பு ஒட்டிய விரலால் அரிசியை எடுத்துக் குனிந்தேன். அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. சுற்றிலும் ஆட்கள், பின்னால் ராஜம். அதனால் இதைச் சொல்லாமலே நிமிர்ந்தேன்: "மழைக்கு இன்னும் ஒரு மாசம்தான் உண்டு, மக்கா."