அப்பாவின் தாடையில் எலும்பு வளர்ந்திருக்கிறது

அப்பா கடலூர்–சிதம்பரம் தனியார் பேருந்தில் நடத்துனர். முன்பற்கள் விழுந்ததிலிருந்து விசில் வாயில் நிற்காமல் நழுவிவிடுகிறது. தொண்டை கட்டும் வரை "ரைட், ரைட்" என்று கத்துவார்.

செயற்கைப்பல் பதிக்கத் தாடையில் எலும்பு போதவில்லை. அதனால் எலும்பை வளரத் தூண்டும் புரதத்தைப் பஞ்சு போன்ற ஒன்றில் நனைத்து, ஈறுக்குள் வைத்துத் தைத்திருந்தார் டாக்டர். இன்று சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்தோம். எலும்பு வளர்ந்திருக்கிறது. இனி பல் பதிக்கலாம்.

கடலூர் திரும்பும் பேருந்தில் அப்பாவின் நண்பர்தான் நடத்துனர்.

"என்னா மாமா, மொளச்சிடுச்சா?"

"மொளச்சிடுச்சி மாப்ள." ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் அப்பா.

பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "எங்க முந்திரிக்கு எவ்ளோ ஒரம் போட்டும் இப்புடி வரல. இது என்னா ஒரம்ண்ணே?"

"எம் பொண்ணு படிச்சிருக்கு. அதக் கேளுங்க."

பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. கல்லூரி செமினாரில் வாய் திறக்காத நான், கடலூர் முதுநகர் வரும்வரை எலும்பு வளரும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது நண்பர் தன் விசிலை நீட்டினார். "ஊதிப் பாரு மாமா."

"பல்லு வரட்டும். மொத்தமா ஊதிக்கிறன்."

சிதம்பரம் வழியில் தினமும் போகிறவர்களே, காதுக்குப் பஞ்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார்களை இங்கேயே எழுதலாம், அப்பா ஃபேஸ்புக்கில் இல்லை.