ராகித் தாளுக்கு அடியில் ஒரு சாலை

இண்டூர் பக்கத்துக் காட்டோடையைப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மணலில் கார் புதைந்துவிடும் என்று எல்லாரும் தடுத்தார்கள். அந்த மணலிலேயே சிமெண்டைக் கலந்து, ரோலர் ஓட்டிச் சாலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தருமபுரியிலிருந்து புறப்பாடு, வாடகைக் கார் 1,800 ரூபாய். ஓட்டுநர் முருகேசன் காரிமங்கலத்துக்காரர், வாய் ஓயாத மனிதர்.

காட்டுக்குள் கொஞ்ச தூரத்தில் சாலையை மூடி, வைக்கோல் போல ராகித் தாள் பரப்பியிருந்தது. நிறுத்தச் சொன்னேன்.

“ராகி அடிக்கப் போட்டிருக்காங்க மேடம். வண்டி ஏறுனாத்தான் மணி உதிரும். ஒதுங்கிப் போனா கோவிச்சுக்குவாங்க.”

இந்தப் பக்கத்துச் சாலைகளில் அது வழக்கம்தான். உபகாரம் செய்கிற பெருமையோடு நடுவில் ஏற்றினார். மொறுக்கென்று ஒரு சத்தம். முன்சக்கரங்கள் இரண்டும் இறங்கிவிட்டன.

இறங்கித் தாளைத் தொட்டேன். சொதசொதவென்று ஈரம். அடியில் புதுச்சாலை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார் ஓர் அம்மா. “அடப் பாவிங்களா! நேத்துதானே போட்டாங்க! ஏழு நாளு ஈரம் காயாம மூடி வெக்கச் சொன்னாங்க. குறுக்கால முள்ளு போட்டிருந்தமே!”

அந்த முள்ளை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். முருகேசன் குனிந்து, நொறுங்கிய துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார்.

“எம் பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம். போன தடவ ஆம்புலன்ஸ் மணல்ல மாட்டிக்கிச்சு. கொழந்தைய உசுரோட பாக்கலைங்க” என்றவர் குடத்தை இறக்கி வைத்தார். “இதை மறுபடி போட்டு எப்ப இறுகறது? வலி வர்றவரைக்கும் காத்திருக்க முடியாது. நீங்களே இப்ப அவள ஆஸ்பத்திரில கொண்டு போயி விட்ருங்க.”

ஊரார் கூடிக் காரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஓடையைப் பார்க்காமலே திரும்பினேன்.

அங்கே போகிறவர்கள் கேளுங்கள். காட்டுச் சாலையில் தாள் பரப்பியிருந்தால் இறங்கித் தொட்டுப் பாருங்கள். கதிரடிக்கப் போட்டது காய்ந்து கிடக்கும். ஈரமாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஓரமாக நடந்து போங்கள். இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், அந்த நிறைமாதப் பெண் காருக்கு வந்த விதம்.

சாலையை ஒட்டிய மணலில் கணுக்கால் புதையப் புதைய, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

“ரோட்டு மேலயே வாம்மா, நடந்தா ஒண்ணும் ஆகாது” என்று கெஞ்சினார் முருகேசன்.

“வேணாங்கண்ணா” என்றாள். “மிச்சமாவது நல்லா இருக்கட்டும். திரும்பி வர்றப்ப கையில கொழந்தை இருக்கும்.”