டிராயரில் தங்கிப்போன நோட்டீஸ்

வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து மேஜை டிராயரைத் திறந்தேன். அனுப்ப வேண்டிய ஒரு நோட்டீஸ் உள்ளேயே கிடந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. திருச்சியில் ஒரு வங்கியின் பில்ஸ் செக்‌ஷனில் நான் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே மொத்த ஜவுளி வியாபாரம் செய்த கபூர் ராவுத்தர், ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு மூன்று மாதத் தவணையில் சரக்கு கொடுத்து, தவணை முடிந்ததும் பணம் தரச் சொல்லி அவர் பேருக்கு ஒரு பில், அதாவது உண்டியல், எழுதியிருந்தார். கடைக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தப் பில்லை ராவுத்தர் எங்களிடம் டிஸ்கவுண்ட் செய்து முன்பணம் வாங்கிக்கொண்டார். கெடு நாளும், அதற்கு மேல் தரும் மூன்று நாள் கிரேஸும் முடிந்தன. கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பில் இப்படி டிஸ்ஹானர் ஆனால், எழுதியவரிடம் வங்கி பணம் கேட்கலாம். ஆனால் எழுதியவர் உள்ளூர்க்காரரானால் அவருக்கு மறுநாளே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவர் பொறுப்பு தீர்ந்தது. நான் லீவில் இருந்ததே அந்த மறுநாள்தான். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். என் சம்பளம் நூறைத் தொடவில்லை.

ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தாநாளே தபால்ல போட்டதா டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர்ல ஏத்திடுங்க. அன்னைக்குப் பக்கத்துல கடைசி வரி காலியாத்தான் இருக்கு. தபால்ல தொலைஞ்சா நம்ம தப்பு இல்லன்னு சட்டமே சொல்லுதே!"

பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. நேர்மை என்று பெருமையடிக்க மாட்டேன், பயம்தான். ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு, நோட்டீஸை எடுத்துக்கொண்டு ராவுத்தர் கடைக்கு நடந்தேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார்.

நின்றபடியே சொன்னேன். "பாய், உங்க பில் திரும்பிடுச்சு. நேத்தே உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கணும். டிராயர்லயே வச்சுட்டுப் போயிட்டேன், என் தப்பு. இனிமே சட்டப்படி நீங்க பணம் கட்ட வேண்டியதில்ல."

பக்கத்தில் சேலைக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மைத்துனர் நிமிர்ந்தார். "மச்சான், அவரே சொல்றாருல்ல. விட்டுடுங்க."

ராவுத்தர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"கோர்ட்டுக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுவாங்களா?"

"ஆமா பாய்."

"அந்தக் கடைக்காரர் யாருன்னே பேங்குக்குத் தெரியாது. என் கையெழுத்தப் பாத்துத்தானே குடுத்தீங்க? நான் கட்டிடறேன்." நான் கேட்காமலே அதை நோட்டீஸின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார். "உங்க வேலைக்குச் சங்கடம் வரக்கூடாதுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, முழுத் தொகையும் கட்டி, பில்லை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரரிடமிருந்து அவருக்குப் பாதிதான் தேறியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷம் வங்கிப் பரீட்சைக்காக, பில், செக் பற்றிய சட்டமான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்டைப் பிரிவு பிரிவாகப் படித்தேன். நோட்டீஸ் தேவைப்படாத சந்தர்ப்பங்களின் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது. நோட்டீஸ் பெற வேண்டியவர், விவரம் தெரிந்தே, நிபந்தனை இல்லாமல் 'கட்டுகிறேன்' என்று சொல்லிவிட்டால் நோட்டீஸே வேண்டாம். யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய சட்டம், இப்படியும் ஒரு மனிதர் வருவார் என்று எதிர்பார்த்து அவருக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தது.

'விவரம் தெரிந்தே' என்ற சொற்களில் வெகுநேரம் நின்றேன். அன்று நான் ரிஜிஸ்டரில் தேதியை மாற்றி அவரிடம் உண்மையை மறைத்திருந்தால், அவர் கொடுத்த வாக்குக்கு அந்த வரியில் இடம் இருந்திருக்காது.