அத்தான் வெட்டிய கிட்டார்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நடுநிலையானவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். அவர் கினிகத்தேனையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறார். நான் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பேன். எங்கள் இரண்டு பேரிடமும் எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது. சண்டைக்கு அது போதாதா?

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற காந்தக் கட்டையைத்தான் பிக்கப் என்கிறோம். அவருடையதில் மூன்று பிக்கப், ஒவ்வொன்றிலும் ஒற்றைச் செப்புச் சுருள். சத்தம் மெல்லிசாக, பளிச்சென்று வரும். கூடவே கரண்டின் இரைச்சலும் இலவசமாக வரும். என்னுடையதில் இரண்டே பிக்கப், ஆனால் இரட்டைச் சுருள். ஒரு சுருள் வாங்குகிற இரைச்சலை மற்றது அடித்துவிடும். அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். கம்பிகள் போய் உட்காருகிற பிரிட்ஜும் வேறு வேறு. என்னுடையது மரத்தில் இறுக்கிய இரும்பு, அசையாது. அவருடையது ஸ்பிரிங்கில் மிதக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கிற பிடியை ஆட்டினால் ஸ்வரம் அழும். அத்தான் ஆட்டிக்கொண்டே இருப்பார். துக்கப் பாட்டோ துள்ளல் பாட்டோ, அந்தப் பிடியை ஆட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இதே பஞ்சாயத்துதான்.

"ஒன்னோடது கிட்டாரா, கதவு நிலையா? தூக்கவே ரெண்டு ஆளு வேணும் போல" என்பார்.

"ஒங்களோடது கிட்டாரா, குளவிக் கூடா அத்தான்? பிளக்க சொருகினதுமே ஙொய்ங்குதே" என்பேன்.

அக்கா நடுவில் வந்து நிற்பாள். நடுவில் என்றால் அவர் பக்கம்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். மெதுவான பாட்டுக்கு அவருடைய கிட்டார்தான் அழகு. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். என்னுடையதில் அதே இடத்தில் எல்லாம் சேர்ந்து களியாகிவிடும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் அவருக்குச் சின்ன விரலுக்கே எட்டும், நான் கையை எடுத்துத் தேட வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

என்னோடு படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தியின் கல்யாணம் தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. அத்தானின் குழுதான் வாசித்தது. மணப்பெண் என்னை ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லியிருந்தாள், ஒரு மாதமாகப் பழகியிருந்தேன். கிட்டாரைப் பையோடு மேடை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அந்த மண்டபத்தில் சீரியல் பல்பு, ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் மிஷின் எல்லாம் ஒரே வயரில் தொங்கின. அத்தான் பிளக்கைச் சொருகினார். இரைச்சல் பாட்டையே மூடியது. "அண்ணே, பாட்டுப் போடுங்க, மிஷின் ஓட்டாதீங்க" என்று மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் கத்தினார்கள். கடுப்பில் பிடியைப் பிடித்து மேலே வெடுக்கென்று இழுத்தார். ஒரு கம்பி அறுந்தது. மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பி போனால் ஸ்பிரிங் இழுத்து மற்ற ஐந்தும் சுருதி விலகிவிடும். விலகியது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மனுஷன் என் பையைத் திறந்து என் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். கேட்கவில்லை, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றுக் கையோடு நான் எழுந்து நிற்கிறேன், அங்கே பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரைச்சல் இல்லை, சுருதி இம்மி அசையவில்லை. கைதட்டல் அவருக்கு. என் பாட்டுக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் என் கிட்டாரை அவர் வேனில் ஏற்றினார்.

"ஒரு வாரம் வச்சுக்கிறேன். அடுத்தடுத்து ரெண்டு கல்யாணம் இருக்கு" என்றார்.

"சர்ச்சுல நான் என்னத்த வாசிக்கிறது?"

"விடுடி, அவருக்குத் தொழிலு. ஒனக்குப் பொழுதுபோக்குதானே" என்றாள் அக்கா. பாவி.

ஒரு வாரம் மாதமானது. போன் எடுத்தால் அக்காதான் பேசுவாள், அவர் குளிக்கிறார் என்பாள். எந்த நேரம் எடுத்தாலும் குளிக்கிறார். பள்ளிக்கூட லீவு விட்டதும், இனிக் கேட்டு வாங்குவதில்லை, தூக்கிக்கொண்டுதான் வருவது என்று பஸ் ஏறினேன்.

வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "வா வா, ஒனக்கு ஒண்ணு காட்டணும்" என்று உள்ளே கூட்டிப்போனார். என் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். இறுக்கியிருந்த பிரிட்ஜைக் காணோம். அந்த இடத்தில் மரத்தைக் குடைந்து, முன்னாலிருந்து பின்னால் வரை ஓட்டை போட்டு, ஸ்பிரிங் வைத்த புது பிரிட்ஜ். புதுப் பிடியும் நீட்டிக்கொண்டிருந்தது. மேசை நாற்காலி செய்கிற பக்கத்துத் தளபாடக் கடையில் வைத்து, இவரே கோடு போட்டு உளியால் வெட்டியிருக்கிறார்.

"ஒன்னோட பிக்கப்பு, என்னோட பிடி. ரெண்டு கிட்டாரையும் ஒண்ணாக்கிட்டேன், எப்புடி?"

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"குடும்பத்துக்குள்ள என்னா கேக்கிறது? நம்ம பொருள்தானே."

தேத்தண்ணி கொண்டுவந்த அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒனக்கும் சேத்துத்தான்டி செஞ்சாரு" என்றாள்.

என் கண் அந்த பிரிட்ஜிலேயே நின்றது. கம்பியின் நீளத்தைக் கணக்குப் பண்ணித்தான் கழுத்தில் குறுக்குக் கம்பிகளை, அதாவது ஃபிரெட்டுகளை, அடித்திருப்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்க வேண்டும். இவர் கண்ணளவில் வைத்த பிரிட்ஜ் அரை விரல் பின்னால் போயிருந்தது.

"டியூன் பண்ணுங்க அத்தான்" என்றேன்.

பண்ணினார். விரல் வைக்காத வெறுங்கம்பி சரியாகப் பேசியது. கழுத்தில் மேலே கையை வைத்து, நாலைந்து கம்பியைச் சேர்த்து அமுக்கி ஒரு கோர்ட் பிடித்தார். பல் கூசியது. திரும்ப டியூன் பண்ணினார். இப்போது மேலே சரிவந்தது, வெறுங்கம்பி கெட்டது. "புதுக் கம்பி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். திரும்பத் திரும்பத் திருகினார். நெற்றி வேர்த்துவிட்டது. அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவளுக்கும் காது கேட்டிருக்க வேண்டும்.

"நீங்க சாகுற வரைக்கும் திருகினாலும் சேராது. நீளம் போயிருச்சு, நடுவுல குழி மாதிரி ஓட்ட. இனி பழைய பிரிட்ஜ வச்சு அடிக்க மரமும் இல்ல" என்றேன். அழுகை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

அவர் கிட்டாரை என் பக்கம் நீட்டினார். "சரி சரி, கத்தாத. எடுத்துக்கிட்டுப் போ. ஒன் பொருளு."

"உசுரோட இருக்கையில நம்ம பொருளு. கொன்ன பொறகு என் பொருளா?"

அக்காதான், "போடி வெளிய" என்றாள். கிட்டாரை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போனேன். அந்த வீட்டுக்குள் இன்றுவரை கால் வைக்கவில்லை.