பல்லாவரத்தில் ஒரு எச்சார்

ஈரத் தோலும் பெயின்ட்டும் கலந்த ஒரு வாசனை... சோப்பு போட்டுக் குளித்தாலும் போகாது. சாயங்காலம் பல்லாவரத்தில் ரயில் ஏறினால் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பக்கத்து சீட் அக்கா மெதுவாக நகர்ந்து உட்காருவார். தாம்பரம் வரைக்கும் எனக்கு ஜன்னலோரம் கியாரண்டி!

என் முதல் வேலை அங்கேதான். தோலுக்கு நிறம் ஏற்றி, காயவைத்து, ஸ்பெயினுக்கு அனுப்புகிற ஒரு சின்ன யூனிட். சரக்கைப் பார்த்து ஓகே சொல்ல அங்கேயிருந்து பிலார் என்று ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அவர் ஸ்பானிஷில் சொல்வதை நான் இங்கிலீஷில் முதலாளிக்குச் சொல்லணும். அவர் அதைத் தமிழில் சூப்பர்வைசர் தாஸ் அண்ணனுக்குச் சொல்வார்.

நேராகத் தமிழிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். "வேணாம்மா. நாளைக்கு மெயில்ல இங்கிலீஷ்லதான் சண்டை வரும். இங்கிலீஷ்லயே சொல்லு" என்றார் சார். முதலாளியை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

பிலார் ஊருக்குப் போகிறவரை எனக்கு ட்ரயல். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் அப்பா ரெடியாக இருந்தார். "தாம்பரத்துல எவன்டி ஸ்பானிஷ் பேசுறான்? இது சரிப்படலைன்னா பேசாம பேங்க் கோச்சிங்ல சேர்ந்துடு." எனக்கோ கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். அதனால் அந்த வேலையை விடக்கூடாது என்று ஒரே பிடிவாதம்.

முதல் நாளே மாட்டினேன்.

ஸ்பானிஷ் கிளாஸில் 'எச்சார்' என்ற வினைச்சொல்லுக்கு 'எறிவது' என்று ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிலாரோ எதற்கெடுத்தாலும் அதையேதான் சொன்னார். சாயத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னார்... எச்சார். தோலை ஒரு பார்வை பார்க்கலாம் என்றார்... எச்சார். ஸ்ப்ரே அடிக்கிற பையன் மேல் பழி சொல்லாதீர்கள் என்றார்... அதுவும் எச்சார்! சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து, கொஞ்சம் கண் அசரப் போகிறேன் என்றார். அங்கேயும் அதுதான்.

எறிகிற வேலை ஒன்றுகூட இல்லை! ஒவ்வொரு தடவையும் நின்று, அந்த அம்மா கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, ஆட், லுக், பிளேம் என்று இடத்துக்கொரு இங்கிலீஷ் வார்த்தையாகத் தேடிச் சொன்னேன். பயமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஜாலியாகவும் இருந்தது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வேலையா என்று ஆச்சரியம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் சார் பொறுமையிழந்துவிட்டார். ஆபீஸ் ரூமுக்குள் எல்லோரும் இருக்கும்போதே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஒத்துக்கறேன். காது கேக்குதுல்ல? அவங்க எச்சா எச்சான்னு ஒண்ணையேதான் சொல்றாங்க. நீ ஒருவாட்டி ஆட்-ங்கற, ஒருவாட்டி லுக்-ங்கற, இப்ப பிளேம்-ங்கற. அடிச்சு வுடுறியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. போச்சு, பேங்க் கோச்சிங்தான் என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே அவர் தாஸ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தாஸு, மொதல்ல அந்த ஃபேனைப் போடு. அம்மாவுக்கு ஒரு சேர் போடு. பையன்கிட்ட டீ போடச் சொல்லு."

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "சார்... இப்ப சொன்னதை மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்களேன்" என்றேன்.

முறைத்தார். ஆனாலும் ஆரம்பித்தார். "சுவிட்ச் ஆன் த ஃபேன்... பிரிங் எ சேர்... மேக் டீ..."

நின்றார். என்னைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார்.

"அட!"

அவ்வளவுதான், மனுஷர் சின்னப் பிள்ளையாகிவிட்டார். "பெட்ரோல் போடுறதுக்கு?" என்று பிலாரைக் கேட்கச் சொன்னார். எச்சார்தான். கை தட்டினார். "பூட்டு போடுறதுக்கு?" அதுவும்தான். "சட்டை போடுறதுக்கு?" இல்லை, அதற்கு வேறு சொல். "சேச்சே!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்றிலிருந்து நான் இங்கிலீஷில் எதைச் சொன்னாலும், ஏன் அந்த வார்த்தை என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். என்ன குடைச்சல்! ஆனால் அந்தக் குடைச்சலில்தான் நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன்.

கடைசி நாள் பிலார் எல்லோரையும் பார்த்து ஏதோ சொன்னார். சார் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "அதே வார்த்தை வந்துச்சே! இப்ப என்ன?"

எச்சார் தெ மெனோஸ். "ஷி வில் மிஸ் அஸ், சார்."

இதற்கு 'போடு' வராதே என்று சார் தாடையைத் தடவி யோசித்தார். தமிழில் என்ன சொல்வதென்று அவருக்கும் பிடிபடவில்லை. தாஸ் அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் சொல்றாங்கோ?" என்றார்.

பிலாரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சார் சொன்னார். "அவங்களுக்கு நம்மளையெல்லாம் தேடுமாம், தாஸு."

தாஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிலாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார் என்னிடம் திரும்பி, "திங்கக்கெழம சீக்கிரம் வா" என்றார். அதுதான் எனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

இப்போது நான் சிறுசேரியில். ஏசி, ஐடி கார்டு, வாசனையே இல்லாத வேலை. மெஷின் மொழிபெயர்த்துத் தருவதைச் சரிபார்க்கிறேன். போன வாரம் ஒரு வாக்கியத்தில் எச்சார் தெ மெனோஸ் வந்தது. நான் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் 'மிஸ்' என்று வந்து நின்றது. சரிதான், தப்பே இல்லை. ஓகே அழுத்தினேன், அடுத்தது வந்துவிட்டது.

ஏன் அந்த வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. அடிச்சு விடுறியா என்று சந்தேகப்படக்கூட ஒருத்தரும் இல்லை.

பல்லாவரம் யூனிட்டை மூடிவிட்டார்கள். சாருடைய பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

எனக்கு சாரைத் தேடுகிறது.