அப்பா அளந்த மலை

எங்கள் அப்பா இந்தத் தீவின் பேசாலையில், கடற்கரையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு யார் தூரம் தள்ளியிருந்த வீட்டில் பிறந்தார். கணக்கு அவருடையது. எங்கள் வீட்டில் எதையும் குத்துமதிப்பாகச் சொல்லித் தப்ப முடியாது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து நில அளவையாளரான அப்பா, மலைநாட்டில் ஆள் புழக்கமில்லாத காட்டுமலை ஒன்றை வரைபடமாக்கும் பணிக்குச் சென்றார். இரண்டு வருடங்கள் அட்டைக்கடியிலும் மழையிலும் அலைந்து, உச்சிகளின் உயரத்தையும் ஓடைகளின் போக்கையும் ஒரு கொப்பியில் பென்சிலால் குறித்தார். கணக்குகளை வீட்டிலிருந்து முடிக்கலாமென்று அந்தக் கொப்பியோடு லீவில் வந்த நேரம், சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது.

நடக்கும்போது காலடிகளை எண்ணி, நூறு காலடிக்கு ஒரு சிறுகல்லை ஒரு பொக்கற்றிலிருந்து மறு பொக்கற்றுக்கு மாற்றுவது அவருடைய தொழில் பழக்கம். இராணுவ முகாம் வேலியோரமும் தன்னை மறந்து அதைச் செய்திருக்கிறார். வேவு பார்க்கிறார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

"வீட்டைச் சோதிக்க வருவாங்கள். கொப்பி அம்பிட்டால் அப்பா திரும்பி வரமாட்டார் பிள்ளை," என்று அம்மா அவசரப்படுத்தினார். அது வெறும் மலையென்று யாருக்கு விளக்குவது? அடுப்பை நான்தான் மூட்டினேன். தாள்களைக் கிழித்துப் போட்டதும் என் கைதான். சோதிக்க ஒருவரும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் அப்பா வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கொப்பி எங்கை?"

"ஆமிக்காரர் வந்து கொண்டு போட்டாங்கள்," என்றார் அம்மா.

அதன்பின் தீவை விட்டு வெளியேற அவருக்கு ஆமியின் அனுமதிப் பாஸ் கிடைக்கவேயில்லை. பாஸ் கேட்டு மாதாமாதம் முகாமுக்குப் போனவர் கொப்பியையும் கேட்டார். ஏச்சு வாங்கினார், ஒருமுறை அடியும் வாங்கினார். அப்படியொன்றை எடுக்கவில்லையென்று அவர்கள் சொன்னது உண்மை. பொய் சொன்னது நாங்கள். உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவாரென்று முதலில் பயந்தோம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லையென்று கேட்பாரே என்று பயந்தோம். கை தன்னையறியாமல் கல்லை மாற்றிவிடாதபடி, தெருவில் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். அவருக்குத் தீவு சிறை, எங்களுக்கு அந்தப் பொய். அம்மா அதைச் சொல்லாமலே முந்திப் போய்ச் சேர்ந்தார்.

கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பா கேட்டார்:

"பிள்ளை, அந்தக் கொப்பியைக் கொண்டு போனவன் எறிஞ்சிருப்பானோ?"

"இல்லை அப்பா. எங்கையாவது பத்திரமாத்தான் வைச்சிருப்பான்."

"ஓம். மலையெல்லோ. எறிய மனம் வராது."

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், பெட்டி சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, அன்றும் வாய் வராததால், இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

மகள்