பன்னிரண்டு டன்

வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறை கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு முக்கியமான முடிவை எட்டியது: காபி கிளப்பிலிருந்து வரும் மாலைக் காபியில் ஒரு டம்ளரைக் குறைத்துவிடுவது. கணித விரிவுரையாளர் வைத்தியநாதனின் டம்ளர் புதனும் வியாழனும் தொடப்படாமல் திரும்பியிருந்தது. விடுப்புக் கடிதமும் வரவில்லை என்பது வருத்தத்தோடு குறிப்பிடப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிய சற்று நேரத்தில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து வாசலிலேயே நின்றார்.

“சாரு போயிட்டாருங்க. கதவ ஒடச்சுத்தான் உள்ள போனோம்.”

வைத்தியநாதனை அறிந்தவர்களுக்கு அந்தக் கதவும் தெரிந்திருக்கும். குளத்தூர்ச் சாலையில் கடைசி வீடு. மனைவி இறந்தபின் அங்கே தனியாகவே இருந்தார். எதிரே, சாலை போடுவதற்கான சரளையைக் குவிக்கும் இடம். விடியும்போது லாரி வரும். அப்போதெல்லாம் மூக்காயியும் அவள் கூட்டத்துப் பெண்களும் கூடை கூடையாகச் சரளையை இறக்குவார்கள். இறக்கி முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டு இவர் கதவைத் தட்டுவார்கள்.

“வாத்தியாரய்யா, இன்னம் எந்திரிக்கலையா? ஊருக்கே படிப்புச் சொல்றவுக இப்படித் தூங்கினா வெளங்குமா?”

“எந்திரிச்சுட்டேன்மா, எந்திரிச்சுட்டேன்.”

கல்லூரியில் நாங்கள் யாரும் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. வகுப்பு அட்டவணையைப் பற்றிப் பேசுவோம்.

யுத்தம் முடிந்து ராணுவ லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது, சரளைக் கண்டிராக்டர் சிதம்பரம் ஒன்றை வாங்கினார். அதன் தொட்டி தானே சாய்ந்து சரளையைக் கொட்ட வேண்டும் என்பது அவர் கனவு. எண்ணெயின் அழுத்தத்தால் தண்டை வெளியே தள்ளித் தூக்கும் சிலிண்டர் ஒன்றையும் கொண்டுவந்து பூட்டினார். தொட்டி அசையவில்லை. வைத்தியநாதனிடம் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“தொட்டியும் சரளையும் சேந்து மூணு டன்னு. சிலிண்டரும் மூணு டன்னு தூக்கும். பெறகு என்ன சார் கேடு?”

வைத்தியநாதன் அவரை எழுப்பி, திறந்திருந்த கதவை விளிம்பில் பிடித்துத் தள்ளச் சொன்னார். பிறகு கீலுக்கு அருகே கைவைத்துத் தள்ளச் சொன்னார். கண்டிராக்டர் முக்கினார்.

“பாரம் தொட்டிக்கு நடுவுல இருக்கு. உங்க சிலிண்டர் கீலுக்கும் அதுக்கும் பாதி வழியில முட்டுது. அதனால ரெண்டு மடங்கு பலம் வேணும். அதுவும் நேரா நிக்கல, முப்பது டிகிரியில படுத்துக்கெடக்கு. தள்ளுற பலத்துல பாதிதான் தூக்க ஆகும். இன்னொரு ரெண்டு மடங்கு. ஆக, பன்னெண்டு டன்.”

“பன்னெண்டா!”

“கெளம்புறப்ப மட்டும். தொட்டி மேல போகப் போகத் தண்டு நிமிந்துக்கும், பாரம் கொறையும். முதல்ல எழும்புறதுதான் கஷ்டம்.”

கடைசி வாக்கியத்தை அவர் வேறு சந்தர்ப்பங்களிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் திங்கட்கிழமைகளில்.

பம்பு தரும் அழுத்தத்தால் அந்தப் பலத்தை வகுத்தால் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு கிடைத்துவிடும். எங்கள் மாணவர்களே போடக்கூடிய வகுத்தல். கண்டிராக்டர் அடுத்த முறை வந்தபோது வைத்தியநாதன், “சரிபாக்கணும்” என்றார். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னார். விடை தவறா என்று நான் கேட்டேன்.

“விடை சரி. தொட்டி கவுந்துட்டா கூடை எதுக்கு?” என்று எதிர்ப்பக்கம் பார்த்தார்.

“அப்படியானால் தப்பாகச் சொல்லிவிடுங்களேன்.”

“அது எப்படிய்யா முடியும்?” என்றார், நான் அவரை ஏதோ களவுக்குக் கூப்பிட்டதுபோல. மறுநாள் சரியான அளவைக் கொடுத்துவிட்டார்.

புதிய சிலிண்டர் வந்தது. தொட்டி எழுந்தது. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். வெறுங்கூடையோடு நின்ற மூக்காயி மட்டும் இவரைப் பார்த்து, “நல்லாப் போட்டீக கணக்கு! அறந்தாங்கிப் பக்கம் ரோட்டு வேலையாம், போறோம். இனிமே நிம்மதியாத் தூங்குங்க” என்றாள். அவர் உள்ளே போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்தார். எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தக் கதவையும் கீலருகே ஒருமுறை தள்ளிப் பார்க்கிறேன். கனமாகத்தான் இருக்கிறது.

லாரி இப்போதும் விடியற்காலையில் வருகிறது. டிரைவர் இறங்குவதில்லை, தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டுவதில்லை, கொட்டிவிட்டுப் போய்விடுகிறார். வைத்தியநாதனின் உயிர் பிரிந்தது புதன்கிழமை அதிகாலையில் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.